அக்கரையும் அக்கறையும்

ஊரை விட்டுப் போனவனுக்கு நாக்குச் செத்துப் போகும் என்பார்கள். சாப்பாட்டு விஷயத்தில் அது வாஸ்தவம்தான். பேச்சு விஷயத்தில் அது சரியில்லை என்பதைச் சிங்கப்பூரில் இருந்த பத்து வருஷ காலத்தில் நான் தெரிந்துகொண்டேன். கடம்பத்தூர் ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்காகக் காத்திருக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் மந்திரிசபையைப் பற்றி ஏதாவது கேட்டால், "அது கிடக்கட்டும் ஸார், வண்டி எத்தனை நிமிஷம் லேட்டாம்?" என்று பதில் சொல்லும் மனிதன் நான். அதே நான் நாலு மணி நேரம் ஆகாய விமானத்தில் உட்கார்ந்துவிட்டு இறங்கியதும், உலக விவகாரம் ஒவ்வொன்றிலும் திட்டவட்டமான அபிப்பிராயம் உள்ளவனாகிவிட்டேன்.

1994-ல் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுவதற்காக அங்கே போனேன். சிராங்கூன் சாலையை ஒட்டிய வட்டாரத்தைத் தமிழர்கள் தேக்கா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே நடக்க இடம் இராது. ஊருக்குப் பணம் அனுப்ப, தொலைபேசி அட்டை வாங்க, ஒன்றுமில்லாவிட்டால் தமிழ் முகங்களைப் பார்க்க என்று கட்டட வேலைக்காரர்களும் கப்பல் பட்டறைக்காரர்களும் வந்து கூடுவார்கள். எங்கள் கோஷ்டிக்கு ஒரு காப்பிக்கடை. கப்பல் பட்டறை மேஸ்திரியான மன்னார்குடிக்காரர் ஒருவர், பரமக்குடிப் பையன் ஒருவன், நான், அந்த ஊரிலேயே பிறந்து துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஆக நாலு பேர். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் மேஜைக்கு வந்ததும் சபை கூடிவிடும்.

அந்தச் சபையில் நாங்கள் தீர்த்து வைக்காத பிரச்னையே கிடையாது. 1998 மே மாதத்தில் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தபோது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று டில்லிக்கு யோசனை சொன்னோம். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசாங்கம் 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தபோது, அந்த ஒரு ஓட்டை எப்படிச் சம்பாதித்திருக்கலாம் என்பதற்கு மன்னார்குடிக்காரர் மூன்று வழிகள் சொன்னார். கிரிக்கெட் அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் நாங்களே ஏற்றுக்கொண்டிருந்தோம். பரமக்குடிப் பையனின் வேலை அனுமதி அடுத்த மாதம் புதுப்பிக்கப்படுமா என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பற்றி யாரும் பேசவும் மாட்டோம். அது எங்களுக்கு நிஜமாகவே சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா?

பெரியவர் இதையெல்லாம் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர் கேட்டார்: "நீங்க எல்லாரும் இங்க உக்காந்துகிட்டு அங்க நடக்கிற ஆட்டத்துக்குக் கத்துறீங்களே, இந்த ஊர்ல ஓடினவன், ஆடினவன் யாரையாவது தெரியுமா?"

எங்களுக்குத் தெரியவில்லை. அவர் சொன்னார். 1968-ல் மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக ஓடிய கனகசபை குணாளன் நூறு மீட்டரை 10.38 வினாடியில் கடந்தார். முப்பது வருஷமாக அதை அந்த நாட்டில் ஒருவராலும் மிஞ்ச முடியவில்லை. 1994-ல் மலேசியக் கிண்ணக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் நாலு கோல் போட்டு, பகாங் அணியை ஒரு கோலும் போடவிடாமல் ஜெயித்ததைச் சொல்லும்போது பெரியவரின் குரல் சற்றுத் தழுதழுத்தது. அந்த வருஷம் காலாங் மைதானத்தில் நடந்த ஆட்டங்களுக்கெல்லாம் அவர் பேரனைத் தோளில் சுமந்துகொண்டு போயிருந்தாராம். "நானும் கத்துனவன்தான் தம்பி. ஆனா மைதானத்துக்குப் போய், டிக்கெட்டு வாங்கிக் கத்துனேன்" என்றார். பின்னால் 2001-ல் குணாளனின் சாதனையை ஷியாம் என்ற இளைஞர் 10.37-ல் ஓடி முறியடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லாருக்கும் பெரியவர் கணக்கில் தேநீர்.

நிற்க. 1999 ஜனவரி 31-ஆம் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட் பந்தயம். 271 ரன் எடுத்தால் நமக்கு வெற்றி. 82 ரன்னுக்குள் ஐந்து பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள். அதன் பிறகு டெண்டுல்கர் முதுகு வலியோடு நின்று ஆடிய ஆட்டத்தை என் தலைமுறைக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மன்னார்குடிக்காரர் கொண்டுவந்த சிற்றலை ரேடியோவைச் சுற்றி ஒரு கூட்டமே கூடிவிட்டது. 136 ரன் எடுத்து அவர் வெளியேறியபோது இன்னும் 17 ரன் பாக்கி. கையில் மூன்று விக்கெட்டுகள். அந்த மூன்றும் நாலே ரன்னில் போய்விட்டன. 12 ரன்னில் தோல்வி. மன்னார்குடிக்காரர் ரேடியோவைப் பட்டென்று அணைத்தார். பிறகு ஒரு மணி நேரம் நாங்கள் பேசிய பேச்சை இங்கே எழுதுவதற்கில்லை.

இரவு அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் விடியற்காலையில் கடம்பத்தூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, சேப்பாக்கத்துக்கு நடந்தே போய் ஆட்டம் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான் என் கோபத்தையெல்லாம் கொட்டினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ ரேடியோவை எப்படா நிறுத்தினே?" என்றார்.

"தோத்த உடனே."

"அதான் சமாசாரம். அதுக்கப்புறம்தாண்டா நடக்க வேண்டியது நடந்தது."

அண்ணன் சொன்னது இன்று எல்லாருக்கும் தெரிந்த சரித்திரம். தோற்றதும் அரங்கம் முழுவதும் சற்று நேரம் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இத்தனைக்கும் அந்தத் தொடர் நடக்கவே கூடாது என்று டில்லியில் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்ட மாதம் அது. "நீயும் எழுந்து நின்னியாண்ணா?" என்று கேட்டேன். "நின்னேன். நல்லா ஆடினாங்கடா. வேற என்ன காரணம் வேணும்?" என்றார்.

தொலைபேசி அட்டையில் காசு தீர்ந்துபோயிற்று. எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையிலிருந்து வெயிலில் காய்ந்து, கண்ணெதிரே தோல்வியைப் பார்த்த மனிதர் கை தட்டிவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். கடலுக்கு இந்தப் பக்கம் மின்விசிறிக்குக் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்த நான் அவரைவிடப் பத்து மடங்கு கொதித்திருக்கிறேன். அது எப்படி?

1990-ல் நார்மன் டெபிட் என்ற ஆங்கில அரசியல்வாதி, பிரிட்டனில் குடியேறிய ஆசியர்களுக்கு ஒரு பரீட்சை வைத்தார். கிரிக்கெட்டில் அவர்கள் எந்தக் கட்சிக்குக் குரல் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள் என்றார். அதற்குக் 'கிரிக்கெட் பரீட்சை' என்றே பெயர் வந்துவிட்டது. சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்களுக்கு அதில் எத்தனை மார்க் போடுவார் என்று தெரியவில்லை. அதே 1999-ல் இங்கிலாந்து அணிக்குத் தலைவரான நாசர் ஹுசேன், 1968-ல் சென்னையில் பிறந்தவர். மனிதர்களை இப்படிக் கட்சி கட்டிப் பிரிப்பது அவ்வளவு சுலபம் அல்ல. என்னைக் கேட்டால், குரல் எந்தக் கட்சிக்கு என்பதைவிட, கத்துகிறவனுக்கு அதனால் என்ன செலவு என்று விசாரிப்பதுதான் நல்ல பரீட்சை. பெரியவருக்கு டிக்கெட் செலவு. அண்ணனுக்கு ஒரு நாள் வெயில். எனக்கு ஒரு கோப்பைத் தேநீர்.

இதை அன்றே நன்றாகப் புரிந்துகொண்டிருந்தால் பின்னால் வந்த சங்கடம் நேர்ந்திராது. அந்த வருஷம் ஆடி மாதம் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் இருவர் பேரிலும் கூட்டுப் பட்டாவாக இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. ஏரி நிரம்பினால் நெல், இல்லாவிட்டால் வேர்க்கடலை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 1998-ல் புதிய தொழிற்சாலையிலிருந்து கார்கள் வெளிவர ஆரம்பித்த பிறகு, எங்கள் பக்கத்திலும் நிலம் கேட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நல்ல விலைக்கு ஒருவர் கேட்கிறார். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அங்கேயுள்ள இந்திய ஹைகமிஷனில் அத்தாட்சி வாங்கி அனுப்பு என்று எழுதியிருந்தார்.

நான் பத்திரத்தை அனுப்பவில்லை. பதிலாக நாலு பக்கத்தில் என் அபிப்பிராயத்தை அனுப்பினேன். நிலம் தாய் என்றேன். ஏரிகளை மூடிப் பட்டறை கட்டும் தேசம் உருப்படாது என்றேன். காப்பிக்கடையில் அதை வாசித்துக் காட்டியபோது மன்னார்குடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே விஷயத்தை வைத்து ஒரு பத்திரிகைக்குக் கட்டுரையும் எழுதினேன். பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. வாசகர்களில் சிலருக்கு அது நினைவிருக்கலாம். அண்ணனும் ஒரு கார்டு போட்டிருந்தார்: "கட்டுரை நன்றாக இருக்கிறது. கையெழுத்து எங்கே?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதில் போடவில்லை. அண்ணனும் மறுபடி கேட்கவில்லை. 2001 தை மாதத்தில் பெண்ணின் கல்யாணம் நடந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு சங்கிலி வாங்கி அனுப்பினேன். அதன் பிறகு மனம் இளகிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியபோது, முதலில் கேட்டவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டிருந்தார். கடைசியில் நிலம் குறைந்த விலைக்குத்தான் போயிற்று.

2004-ல் ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். வீட்டுவரி ரசீது தேடி அலமாரியைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு நாள், நாற்பது பக்க நோட்டு ஒன்று கையில் அகப்பட்டது. அண்ணனின் கையெழுத்து. கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு மாதா மாதம் கட்டிய வட்டிக் கணக்கு. மூன்று வட்டி. இருபத்தாறு மாதங்கள். ஓரிடத்தில் 'வளையல் இரண்டு' என்று மட்டும் எழுதியிருந்தது. நான் வந்ததிலிருந்து அண்ணியின் கையில் கண்ணாடி வளையல்களைத்தான் பார்க்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கணக்கு எழுதிப் பிழைத்த எனக்கு, என் அபிப்பிராயத்துக்கு ஆன செலவைக் கூட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "ஏண்ணா சொல்லலே?" என்றேன்.

"சொன்னா மறுபடியும் நாலு பக்கம் எழுதுவே" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீ என்ன கெட்ட எண்ணத்துலயா சொன்னே? தூரத்துல இருந்தே, உனக்கு நிலம் தெரிஞ்சுது. கிட்ட இருந்தேன், எனக்குப் பொண்ணு தெரிஞ்சா."

அண்ணன் இப்போது இல்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்தியப் பிரஜைகளுக்கும் ஓட்டுரிமை உண்டு என்று 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் சொந்தத் தொகுதிக்கு நேரில் வந்து, வரிசையில் நின்றுதான் போட வேண்டும். அநியாயம் என்கிறார்கள் பலர். இருக்கலாம். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் என் அண்ணனுடன் ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றுவது உண்டு.

இதோடு முடித்திருந்தால், அக்கரையில் இருப்பவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் உபதேசம் செய்வதாக ஆகிவிடும். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லாமல் செய்துவிட்டான் என் மகன். அவன் இருப்பது கனடாவில். 2025 ஜூலை 13, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் ஒன்று திருவள்ளூர் அருகே தீப்பற்றிக்கொண்டது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தபோது கிழக்கே கரும்புகை மலை மாதிரி எழுந்து நின்றது. அரக்கோணம் மார்க்கத்தில் வண்டிகள் ஓடவில்லை. டெலிபோன் மணி அடித்தது. மகன்தான்.

எடுத்தவுடன் ஆரம்பித்தான். ரயில்வே நிர்வாகம், தண்டவாளப் பராமரிப்பு, எண்ணெய் வண்டிகளை ஊர் நடுவே விடுவதா, உங்களுக்கெல்லாம் சொரணையே கிடையாதா என்று இருபது நிமிஷம் விடாமல் பொழிந்தான். வண்டி இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவர்கள் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. 'நீ எங்கே நின்றுகொண்டு பேசுகிறாய்?' என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் சொன்னான்: "இங்கே லாக் மெகாண்டிக்னு ஒரு ஊர்ப்பா. 2013-ல இப்படித்தான் எண்ணெய் ரயில் கவிழ்ந்து எரிஞ்சு 47 பேர் செத்துப் போனாங்க." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு வேறு குரலில், "ஜன்னலையெல்லாம் சாத்தியாச்சா? அம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

அந்த இருபது நிமிஷமும் அவன் கேட்க நினைத்தது இந்த ஒரு கேள்வியைத்தான். கிட்ட இருந்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தியிருப்பான். தூரத்தில் இருப்பவனுக்குக் கைக்கு எட்டியது அபிப்பிராயம் ஒன்றுதான். நான் அன்று அண்ணனுக்கு எழுதிய நாலு பக்கத்திலும் இப்படி ஒரு கேள்வி எங்கேயோ இருந்திருக்க வேண்டும். அண்ணன் அதை வாசித்திருக்கிறார். அதனால்தான் திண்ணையில் சிரிக்க முடிந்தது.

"ஜன்னல் சாத்தியாச்சு. அம்மா நல்லா இருக்கா. நீ சொன்னதெல்லாம் நியாயம்தான்" என்றேன். அவனுக்கு ஆச்சரியமாகப் போயிற்று. நான் அவன் அபிப்பிராயத்தை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு விஷயம்" என்றேன். "என்னிக்காவது ஏதாவது பத்திரத்துல கையெழுத்துக் கேட்டு எழுதினேன்னா, முதல்ல கையெழுத்தைப் போட்டு அனுப்பிடு. அபிப்பிராயத்தை அடுத்த தபால்ல எழுது."

"என்ன பத்திரம்ப்பா?" என்றான்.

"ஒண்ணுமில்லை, போய்த் தூங்கு. அங்கே ராத்திரி ஆகியிருக்குமே" என்று சொல்லி டெலிபோனை வைத்தேன்.