பொறி விழும் நேரம்

ஆசிரியர்களும் பெற்றோர்களும் படிக்கும் இடத்தில் படகு மோட்டாருக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு பழைய மோட்டாரோடு மூன்று நாள்கள் போராடினேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். ஆனால், அது இறுதியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் என் வகுப்பறை.

என் தந்தையார் பாகான் டத்தோ வட்டாரத்தில் தென்னந்தோட்டம் ஒன்றில் வேலை செய்தவர். பேராக் ஆறு கடலில் கலக்கும் பகுதி அது. ஓய்வு நாள்களில் மீன்பிடிக்கச் சிறிய சம்பான் ஒன்று வைத்திருந்தார். அதன் பின்பலகையில் மாட்டும் மோட்டாரை மலாய்க்காரர்கள் 'எஞ்சின் சங்குட்' என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லுவோம். அப்பாவுடையது 1950களின் இறுதியில் செய்யப்பட்ட ஜான்சன்; இரண்டு சிலிண்டர், 10 குதிரைத்திறன். அவர் மறைந்த பிறகு பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்தது. ஜான்சன் என்ற பெயரில் மோட்டார் செய்வதே 2007ஆம் ஆண்டோடு நின்றுபோனது. பக்கத்துக் கடைகளில் எவரும் அதைத் தொட விரும்பவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை.

முதல் நாள் நானே முயன்றேன். பெட்ரோல் வரும் வழியைத் துப்புரவு செய்தேன். மேலே இருக்கும் கனத்த பிளைவீலைக் கழற்றி, அடியில் இருந்த பாயிண்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, கண்ணளவாக இடைவெளி வைத்து மூடினேன். மோட்டாரைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கிக் கயிற்றை இழுத்தேன். ஒரு சத்தம் கேட்டது. மறுகணம் கயிறு என் கையைப் பிடுங்கிக்கொண்டு பின்னோக்கிப் பாய்ந்தது. மணிக்கட்டு இரண்டு நாள் வீங்கியிருந்தது.

அன்று மாலை அப்பாவின் நண்பர் ஒருவரைத் தேடிப் போனேன். தோட்டத்தில் படகோட்டியாக இருந்தவர். நான் மாமா என்றுதான் அழைப்பேன். மறுநாள் காலையில் மிதிவண்டியில் வந்து சேர்ந்தார். சட்டைப்பையில் மெல்லிய தகடுகள் அடுக்கிய ஃபீலர் கேஜ் இருந்தது. பிளைவீலைப் புல்லர் கொண்டு நோகாமல் எழுப்பி எடுத்தார். நான் வைத்திருந்த இடைவெளிகளை அளந்தார். ஒன்று 0.030 அங்குலம், மற்றொன்று 0.015.

"ரெண்டுக்கும் 0.020 இருக்கணும், தம்பி. அரை மில்லிமீட்டர். கண்ணளவு இதுக்கு ஆகாது" என்றார்.

இவ்வகை மோட்டாருக்கு மின்கலம் கிடையாது. பிளைவீலுக்குள் காந்தங்கள் இருக்கின்றன. அது சுழலும்போது அடியில் உள்ள காயிலில் மின்சாரம் பிறக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்வரை அந்த மின்சாரம் சுற்றில் ஓடுகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் ஓட்டம் அறுபட்டு, காயிலில் உயர் அழுத்தம் எழுந்து, பிளக்கில் பொறி விழுகிறது. ஆக, பாயிண்ட் எப்போது திறக்கிறதோ அதுவே பொறி விழும் நேரம். இடைவெளி அகலமானால் பாயிண்ட் முன்னதாகவே திறக்கும், பொறியும் முந்திவிடும். குறுகினால் பொறி பிந்தும். முந்திய பொறி, மேலேறும் பிஸ்டனை எதிர்த்துக் கீழே தள்ளும். என் மணிக்கட்டு அறிந்துகொண்ட பாடம் அது.

இடைவெளிகளைச் சரிசெய்துகொண்டே மாமா ஒரு கேள்வி கேட்டார்.

"பிஸ்டன் உச்சிக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் பொறி விழணும். ஏன், தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடம் நடத்துகிறவன், அறிவியலும் போதிக்கிறவன். வெட்கமாக இருந்தது. அவரே சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. வேறு கேள்விக்கும் போகவில்லை. தகடுகளை ஒவ்வொன்றாகத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த அமைதியில் எனக்குக் கோபம் வந்தது, பிறகு தணிந்தது, அதன் பிறகுதான் யோசிக்கவே தொடங்கினேன்.

"எரிய நேரம் பிடிக்கும்... பொறி விழுந்தவுடனே எல்லாம் எரிஞ்சிடாது, மாமா."

"ம்ம். அப்ப, மெதுவா ஓடும்போதும் வேகமா ஓடும்போதும் ஒரே இடத்துல விழலாமா?"

மீண்டும் துணி, மீண்டும் அமைதி. இம்முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்திற்கு 1000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் 60 பங்கு வினாடி. 4000 சுற்று என்றால் ஆயிரத்தில் 15 பங்குதான். தீ பரவும் நேரம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே வேகம் கூடக்கூடப் பொறி இன்னும் முன்னதாக விழவேண்டும். "கூடாது" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் பாயிண்டுகள் பொருத்தியிருந்த தட்டைத் தொட்டுக் காட்டினார். வேகத்தைக் கூட்டினால் அந்தத் தட்டே சிறிது திரும்பி, பொறியை முன்னே கொண்டுவருகிறது. அதோடு சேர்ந்து கார்பரேட்டரும் திறக்கிறது. அப்பா பல முறை இதை என் கண்முன் செய்திருப்பார். நான் கேட்டதில்லை.

பின்னர்தான் நுட்பமான வேலை. பிளக்குகளைக் கழற்றினால் இயந்திரம் கையால் எளிதாகச் சுழலும். பாயிண்டோடு இணைந்த காயில் கம்பியையும் கண்டென்சர் கம்பியையும் விடுவித்து, பாயிண்டுக்குக் குறுக்கே ஒரு டார்ச்லைட் பல்பும் மின்கலமும் இணைத்தார். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு எரியும்; திறந்தால் அணையும். பிளைவீலைத் திரும்ப வைத்து மெல்லச் சுழற்றவேண்டும். அதன் விளிம்பில் உள்ள கோடு, தட்டில் உள்ள குறிக்கு நேராக வரும்போது பல்பு அணையவேண்டும். எங்களுக்குச் சற்று முன்னதாகவே அணைந்தது. மறுபடி பிளைவீலைக் கழற்றி, இடைவெளியை ஒரு மயிரிழை குறைத்து, மறுபடி மாட்டினோம். இப்படி நான்கு முறை. பிறகு அரைச்சுற்று தள்ளி இரண்டாவது சிலிண்டருக்கும் அதே வேலை. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் மோட்டார் உதறும் என்றார்.

மூன்றாம் நாள் காலை பீப்பாயில் இறக்கி இழுத்தோம். மூன்றாவது இழுப்பில் உயிர் வந்தது. புகை அடங்கியதும் சீராக ஓடியது. மாமா கண்களைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார். நானும் அதையே சொன்னேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்காம் ஆண்டில் என்னிடம் படிக்கும் ஒரு மாணவனின் நினைவு வந்தது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், பேசமாட்டான். விடுமுறைக்கு முன் நடந்த பெற்றோர் சந்திப்பில், "வீட்டுல நல்லாப் பேசுறான், சார். பள்ளியில ஏன் பேச மாட்டேங்கிறான்?" என்று அவன் தாயார் கேட்டார். "பாடத்தை மீள்பார்வை செய்வதில்லை, அம்மா" என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். அவர் தலைகுனிந்து போனார்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் படித்த ஒன்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து சொன்னது: கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரே ஒரு வினாடிதான் காத்திருக்கிறார். அதை மூன்று வினாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன; விடை சொல்லாமல் நிற்பதும் குறைகிறது. தேர்வில் இதை எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். ஆனால், அந்த மாணவனுக்கு நான் எத்தனை வினாடி கொடுத்தேன்? அவன் எழுந்து நிற்கும்போதே என் கண் அடுத்த மாணவனைத் தேடியிருக்கும். அவனுக்குள் தீ பரவும் முன்பே நான் "சரி, உட்கார்" என்று சொல்லியிருக்கிறேன். படிக்கவில்லை என்று அவன் தாயாரிடம் பழியும் போட்டுவிட்டேன்.

பள்ளி திறந்ததும் கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்துவரை எண்ணத் தொடங்கினேன். சொல்வது எளிது. பாடத்திட்டம் பின்னால் நின்று விரட்டும்போது ஐந்து வினாடி மிக நீளமானது. முதல் இரண்டு நாள்கள் அவன் பேசவில்லை. நான் அவனை உற்றுப் பார்க்காமல், மாமாவைப் போல, கரும்பலகைத் துடைப்பானைத் தட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், "ஆவியாகுது, சார்" என்றான். நான் கேட்டது உறைதலைப் பற்றி. விடை தவறு. ஆனாலும் அது அவனுடைய குரல்.

அவன் தாயாரை அழைத்து, அன்று நான் சொன்னது சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் காத்திருந்தேன். சற்று நேரம் கழித்து, "அவனுக்குக் கொஞ்சம் நேரம் வேணும், சார். அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்றார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை எங்களிடம் சொல்லுங்கள். என்னைப் போல் முந்திக்கொண்டு பதில் சொல்லும் ஆசிரியராக இருந்தாலும் சொல்லுங்கள்.