கோவாக் கடற்கரைக்குப் புறப்படுமுன்

மும்பையிலும் புனேயிலும் வாழும் நம் குடும்பங்கள் பல, பிள்ளைகளின் விடுமுறைக்குக் கோவாவை நாடுகின்றன. பயணச்சீட்டு எடுக்குமுன் காலத்தை ஆராய்ந்து பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அந்நாட்களில் கடலில் இறங்குவது உயிருக்கே ஆபத்து. மே மாதக் கடைசியிலேயே அலைகள் சீறத் தொடங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஆயினும் கிறிஸ்துமஸ் வாரத்தில் அறை வாடகை மிகவும் உயருமாதலால், அதைத் தவிர்ப்பது சிக்கனம். மட்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினால் கோல்வா, பெனாலிம் கடற்கரைகள் அருகிலுள்ளன. சிவப்புக் கொடி பறக்குமிடத்தில் முழங்கால் அளவு நீரிலும் பிள்ளைகளை விடாதிருங்கள்.

ஒரு நாளைப் பழைய கோவாவுக்கென்று ஒதுக்குங்கள். 1510 முதல் 1961 வரை போர்த்துக்கீசியர் ஆண்ட மண் இது. 1605இல் அர்ச்சிக்கப்பட்ட பொம் ஜேசு பேராலயத்தின் அழகைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1556இல் இந்தியாவின் முதல் அச்சகம் கோவாவில் இயங்கியதைச் சொல்லுங்கள். 1560இல் தொடங்கிய சமய விசாரணை மன்றம் அநேகரை வதைத்ததையும் மறைக்காதிருங்கள். இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்த பிள்ளை, அதிகாரத்தோடு கைகோர்க்கும் பக்தியைக் குறித்து வாழ்நாளெல்லாம் எச்சரிக்கையாயிருக்கும்.