நீரிணையின் மேல் எழுந்த ரயில் பாதை: கட்டும் கலையும் கட்டியவர்களும்

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் பாதை 4 கிலோமீட்டர் நீளமுள்ள இலகு ரயில் பாதை. அதில் சுமார் 2.7 கிலோமீட்டர் மலேசியாவிலும் எஞ்சியது சிங்கப்பூரிலும் அமைகிறது. நிலையங்கள் இரண்டே. பயண நேரம் ஏறக்குறைய 5 நிமிடம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பயணிகளை ஏற்றிச் செல்லும்படி இது திட்டமிடப்பட்டது. நெரிசல் நேரத்தில் 3.6 நிமிடத்துக்கு ஒரு ரயில் புறப்பட்டால் மணிக்குப் பதினாறு, பதினேழு ரயில்கள் ஓடும். நான்கு பெட்டிகள் கொண்ட ஒரு ரயிலில் 600 பேர் வீதம் ஏறினால் கணக்கு 10,000ஐத் தொட்டுவிடும். 2026ஆம் ஆண்டு இறுதியைச் சேவைக்கான இலக்காகக் கொண்டு பணிகள் நடத்தப்பட்டன.

இப்படியொரு பாதையின் தேவையை, ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலத்தில் ஒரு காலை நேரத்தில் நின்றவர்கள் அறிவார்கள். 1,056 மீட்டர் நீளமே உள்ள அந்தப் பாலத்தை நாள்தோறும் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் கடக்கிறார்கள். விடிவதற்கு வெகு முன்பே மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடிக்கின்றன. பேருந்தில் வருபவர்கள் ஜொகூர் பக்கத்தில் ஒரு முறையும் உட்லண்ட்ஸ் பக்கத்தில் ஒரு முறையும் இறங்கி, இரண்டு குடிநுழைவுச் சோதனைகளுக்குத் தனித்தனியே காத்து நிற்க வேண்டும். ஆர்டிஎஸ் பயணத்தில் இரு நாட்டுச் சோதனைகளும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். இறங்கியவர் நேராக வெளியேறலாம். பயணியின் பொழுது உண்மையில் மிச்சமாவது இந்த ஏற்பாட்டால்தான்.

இதற்கான ஒப்பந்தம் 2018 ஜனவரியில் கையெழுத்தானது. 2019இல் மலேசியா திட்டத்தை நிறுத்திவைத்து மறுஆய்வு செய்தது. 2020 ஜூலை 30 அன்று கடற்பாலத்தின் நடுவிலேயே இரு நாட்டுப் பிரதமர்களும் கூடியபோது திட்டம் மீண்டும் உயிர் பெற்றது. அப்போது செய்யப்பட்ட பெரிய மாற்றம், சிங்கப்பூரின் தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் முறையைப் பின்பற்றும் எண்ணத்தைக் கைவிட்டு இலகு ரயிலுக்கு மாறியது. அதனால் ரயில் பணிமனையும் ஜொகூர் பாருவின் வாடி ஹானாவுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 22 அன்று ஜொகூர் பக்கத்தில் வேலை தொடங்கியது. மலேசியப் பகுதியின் கட்டமைப்பு எம்ஆர்டி கார்ப்பரேஷன் பொறுப்பில் உள்ளது. ரயிலை இயக்குவது மலேசியாவின் பிரசரானாவும் சிங்கப்பூரின் எஸ்எம்ஆர்டியும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனம்.

கட்டுமானத்தைத் தொடர்ந்து கவனிக்க ஜொகூர் பாருவில் இரண்டு இடங்கள் வசதியாக இருந்தன. ஒன்று, ஜேபி சென்ட்ரல் ரயில் நிலைய வட்டாரத்தின் நடைபாலங்கள். புக்கிட் சாகார் நிலையக் கட்டடம் தளம் தளமாக எழுந்ததை அங்கிருந்து காண முடிந்தது. மற்றொன்று கடற்பாலம். அதற்குக் கிழக்கே, நீர்மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரத்தில் பாதை வளைந்து செல்வது பேருந்து சன்னலிலிருந்தே தெரியும். வேலைத்தளத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் தலைக்கவசமும் காலணியும் மட்டும் போதாது. 1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டப்படி, மலேசியக் கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்து அட்டை பெற்றிருக்க வேண்டும். தொழிலாளர்கள் அதை ‘கிரீன் கார்டு’ என்பார்கள். பெயரும் படமும் தாங்கிய அந்த அட்டையைக் காட்டித்தான் வாசலைத் தாண்ட முடியும்.

மேம்பாலப் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பகுதி, தூண்களுக்கு அடித்தளமிடும் பைலிங். ஜொகூர் நீரிணையின் அடியில் முதலில் சேறு, பிறகு இளகிய மண், அதன் கீழேதான் பாரம் தாங்கும் அடுக்கு. மிதவைமேடையிலிருந்தோ தற்காலிக எஃகு மேடையிலிருந்தோ பெரிய எஃகுக் குழாயை நீருக்குள் இறக்கிச் சேற்றைத் தாண்டும்வரை அழுத்துவார்கள். குழாய்க்குள் துளையிட்டு மண்ணை வெளியே எடுத்ததும் கம்பிக் கூடு உள்ளே இறங்கும். கான்கிரீட்டை மேலிருந்து கொட்டினால் அது தண்ணீரில் கரைந்து கெட்டுவிடும். ஆகவே நீண்ட குழலைத் துளையின் அடிவரை இறக்கி, கீழிருந்து மேலாக நிரப்புவார்கள். கனமான கலவை ஏற ஏறத் தண்ணீர் மேலே தள்ளப்படும். குழலின் நுனி எப்போதும் கலவைக்குள்ளேயே புதைந்திருக்க வேண்டும். ஒரு முறை வெளியே வந்துவிட்டால் அந்த இடத்தில் சேறு கலந்து தூணின் கால் பலவீனப்படும். குழலை எவ்வளவு உயர்த்தலாம் என்று கயிற்றில் அளந்து சொல்பவரின் கவனத்தைத்தான் மேலே எழப்போகும் முழுத் தூணும் நம்பியிருக்கிறது.

கம்பி கட்டுவது இன்றும் கைவேலை. கம்பிகளை வரைபடப்படி வெட்டுவதற்கும் வளைப்பதற்கும் இயந்திரம் உண்டு. கம்பியும் கம்பியும் சந்திக்கும் இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்குவதோ ஒரு சிறு கொக்கிதான். தேர்ந்த கம்பி கட்டுபவர் இடுப்புப் பையிலிருந்து கட்டுக்கம்பியை உருவி, இரண்டாக மடித்து, குறுக்கே கொடுத்து, கொக்கியை நுழைத்து இரண்டு முறுக்குக்குள் முடித்துவிடுவார். மூன்றாவது முறுக்கு போட்டால் கம்பி அறுந்துபோகலாம். ஒன்றோடு நிறுத்தினால் கான்கிரீட் கொட்டும்போது கட்டு நழுவும். முடித்த கட்டின் முனையை உள்பக்கமாகத் தட்டி மடக்குவதும் அவர் வேலை. முனை வெளியே நீட்டியிருந்தால் கடல் உப்பு அதன் வழியாக உள்ளே ஏறித் துருவைத் தொடங்கி வைக்கும். இதே காரணத்தால் கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் இடையே கவர் பிளாக் வைத்து இடைவெளி காக்கிறார்கள். நகரத்துக் கட்டடத்தில் இந்த இடைவெளி சில மில்லிமீட்டர் குறைந்தால் பல ஆண்டுகள் தெரியாமல் போகலாம். உப்பு நீரின் மேல் நிற்கும் தூணில் அந்தக் குறை பாலத்தின் ஆயுளையே குறைக்கும்.

கலவை லாரி வந்ததும் முதலில் கூம்பு அச்சில் நிரப்பி, அச்சை உயர்த்தி, கலவை எவ்வளவு சரிகிறது என்று அளக்கிறார்கள். பிறகு கனசதுர அச்சுகளில் மாதிரி எடுத்து வைத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் இயந்திரத்தில் நசுக்கி வலிமையைச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு மாதிரியிலும் தேதியும் தூண் எண்ணும் இருக்கும். ஒரு தூணைப் பற்றிப் பிற்காலத்தில் சந்தேகம் எழுந்தால் தேடிப்போக வேண்டியது இந்தப் பதிவேட்டைத்தான்.

தூண்களின் மேல் பாதையை நீட்டுவதற்கு இத்தகைய பாலங்களில் பரவலாகக் கையாளப்படுவது செக்மெண்ட் முறை. உள்ளே வெற்றிடம் கொண்ட கான்கிரீட் பெட்டித் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் பாலத்தை வளர்ப்பார்கள். வார்ப்புத் தளத்தில் செய்யும்போது முந்தைய துண்டின் முகத்தையே அடுத்த துண்டுக்கு அச்சாக வைத்து வார்ப்பது வழக்கம். அதனால் ஒவ்வொரு துண்டும் தன் பக்கத்துத் துண்டுக்கு மட்டுமே பொருந்தும். எண்ணை மாற்றி எழுதிவிட்டால் பாலத்தின் மேல் அது சேராது. அகலமான நீர்ப்பரப்பில் தூணின் இருபுறமும் சமமாகத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஒரு பக்கம் ஏறிய பாரத்துக்கு மறுபக்கம் ஈடு கொடுக்க வேண்டும் என்பதால், எந்தப் பக்கத்தையும் தனியே நீள விடுவதில்லை.

துண்டுகளைப் பிணைத்துத் தாங்குவது உள்ளே ஓடும் எஃகு வடங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியால் அவற்றை இழுத்து முனையில் ஆப்பு வைத்துப் பூட்டுகிறார்கள். அழுத்தமானியின் எண்ணை மட்டும் அவர்கள் நம்புவதில்லை. வடம் எத்தனை மில்லிமீட்டர் நீண்டது என்றும் அளந்து, கணக்கிட்ட நீளத்தோடு ஒப்பிடுகிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வடம் உள்ளே எங்கோ சிக்கியிருக்கலாம். இழுக்கும் நேரத்தில் ஜாக்கியின் பின்னால் எவரும் நிற்கக்கூடாது. பூட்டு தெறித்தால் வடம் பின்னோக்கிப் பாயும். இந்த விதிக்கு மேற்பார்வையாளர், பொறியாளர் என்ற விலக்கு எதுவும் இல்லை.

நில அளவையாளர்களின் வேலை விடியலுக்கு முன்னால் தொடங்குகிறது. வெயில் ஏறினால் பாலத்தின் மேல்தளம் சூடேறி விரிய, அடிப்பகுதி குளிர்ந்தே இருக்க, நீட்டிக்கொண்டிருக்கும் முனை மில்லிமீட்டர் கணக்கில் தாழும். அந்த நேரத்தில் எடுத்த மட்டத்தை நம்பி அடுத்த துண்டை வைத்தால் பிழை துண்டுக்குத் துண்டு பெருகும். இரு நாடுகளிலிருந்து தனித்தனிக் குழுக்கள் கட்டி வந்த பாலம் நடுநீரில் ஒரே கோட்டில் சேர வேண்டுமென்றால் இந்த அளவீட்டில் சலுகைக்கு இடமே இல்லை. சேர்ந்தது. 2024 ஜனவரி 11 அன்று மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிமும் சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் அந்த இணைப்பைக் குறிக்கும் நிகழ்ச்சியில் கலந்துகொண்டார்கள்.

அதன் பிறகு தண்டவாளம். மலேசியாவின் கேடிஎம் ரயில் பாதை ஒரு மீட்டர் அகலம் கொண்டது. ஆர்டிஎஸ் பாதை 1,435 மில்லிமீட்டர் அகலம். மேம்பாலத்தில் சரளைக் கல்லுக்கு மாற்றாகக் கான்கிரீட் மேடையின் மேல் தண்டவாளத்தைப் பொருத்துவது இலகு ரயில்களில் வழக்கம். தண்டவாளங்களைப் பற்றவைக்கும் தெர்மிட் முறையில் அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் வினைபுரிந்து 2,000 டிகிரிக்கு மேல் வெப்பம் எழுகிறது. உருகிய எஃகு மண் அச்சுக்குள் இறங்கி இரண்டு முனைகளையும் ஒன்றாக்கும். ஆறியதும் தேய்த்துச் சமப்படுத்துபவர் நேர்விளிம்புச் சட்டத்தை மேலே வைத்து, குனிந்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கிறார். ரயில் ஓடும்போது பயணியின் காதில் விழும் ‘தடக்’ சத்தம் இல்லாமல் போவது அவருடைய முழங்கால் வலியின் பயன்.

ரயில்கள் எட்டு. அவற்றைச் செய்தது சீனாவின் சிஆர்ஆர்சி சூசோ நிறுவனம். முதல் ரயில் 2025 ஜூன் 30 அன்று சிங்கப்பூரில் அறிமுகம் கண்டது. ஓட்டுநரின்றித் தானே இயங்குபவை என்பதால் சோதனை ஓட்டத்துக்கு நீண்ட காலம் ஒதுக்கப்படுகிறது. சமிக்ஞை, நடைமேடைக் கதவு, தொடர்பு ஆகிய ஒவ்வொன்றையும் தனியாகவும் ஒன்றோடொன்று சேர்த்தும் சோதிக்க வேண்டும்.

இந்த வேலைகளைச் செய்பவர்கள் பல நாட்டவர். மலேசியக் கட்டுமானத் தளங்களில் உள்ளூர்க்காரர்களோடு இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் மியன்மார்காரர்களும் சேர்ந்து உழைக்கிறார்கள். அவர்களுக்குள் பொதுமொழி மலாய். நீரிணையின் அக்கரையில், சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில், தமிழ்நாட்டின் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை வட்டாரங்களிலிருந்து போனவர்களை எங்கும் காணலாம்.

ஜொகூரின் ரயில் வரலாறு பழையது. 1869இல் ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் நோக்கி மரத் தண்டவாளத்தில் ஒரு பாதை தொடங்கப்பட்டது. மரத்தைக் கரையான் அரித்ததால் அது நிலைக்கவில்லை. கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவரை வந்த ஜொகூர் மாநில ரயில்வே 1909இல் முழுமை பெற்றது. 1919இல் தொடங்கிய கடற்பாலத்தில் 1923இல் ரயில் ஓடியது. 1924இல் பாலம் முறையாகத் திறக்கப்பட்டது. மலாயா முழுவதும் கம்பிச்சடக்கு எனப்பட்ட ரயில் பாதையைப் போட்டவர்களிலும், மண்டோர் என்ற மேற்பார்வையாளரின் கீழ் கெங்காக, அதாவது குழுவாக, இருந்து அதைப் பராமரித்தவர்களிலும் தமிழர்கள் பெரும்பங்கினர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் இருந்தார்கள். திறப்பு விழாக்களில் நின்ற ஆளுநர்களின், சுல்தான்களின் பெயர்கள் புத்தகங்களில் உள்ளன. மண் சுமந்தவர்களின் பெயர்களைத் தேடினால் பேரப்பிள்ளைகளின் நினைவைத் தவிர வேறு இடம் அநேகமாக இல்லை.

அன்று பெயர்கள் பதியப்படாமல் போனதற்கு நிர்வாகத்தின் அலட்சியமும் காலத்தின் வசதிக்குறைவும் காரணம் என்று சொல்லலாம். இன்று அப்படிச் சொல்ல முடியாது. வாசலைக் கடந்த ஒவ்வொருவரின் பெயரும் கிரீன் கார்டு வழியாகப் பதிவாகியிருக்கிறது. புக்கிட் சாகார் நிலையத்தில் திறப்பு விழாக் கல்வெட்டு வைக்கப்படும்போது, அதன் அருகே பைலிங் இறக்கியவர்கள், கம்பி கட்டியவர்கள், வடம் இழுத்தவர்கள், தண்டவாளம் பற்றவைத்தவர்கள் ஆகியோரின் பெயர்ப் பட்டியலும் இடம்பெற வேண்டும். பொறுப்பில் இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டும். பயணம் செய்யப்போகும் மக்கள் இதைக் கேட்க வேண்டும்.