முதலிடத்தில் 41 பேர்

2015ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 500க்கு 499 மதிப்பெண் பெற்று மாநில முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்கள் 41 பேர். 498 பெற்ற 192 பேர் இரண்டாமிடம் பெற்றதாகவும், 497 பெற்ற 540 பேர் மூன்றாமிடம் பெற்றதாகவும் அறிவிப்பு வந்தது. அன்று வாழ்த்துச் சொல்வதில் மும்முரமாக இருந்துவிட்டோம். அந்த எண்களுக்குள் ஒரு வழக்கு மறைந்திருப்பதைக் கவனித்தவர் குறைவு.

498 பெற்ற மாணவிக்கு முன்னால் 41 பேர் நிற்கிறார்கள். அப்படியானால் அவள் இரண்டாமவளா, 42ஆமவளா? 497 பெற்றவனுக்கு முன்னால் 233 பேர். அவன் மூன்றாமவனா, 234ஆமவனா? 'எனக்கு மேலே எத்தனை மதிப்பெண்கள் உள்ளன?' என்று கேட்டால் ஒரு விடை. 'எனக்கு மேலே எத்தனை மனிதர்கள் உள்ளனர்?' என்று கேட்டால் வேறு விடை. அரசு முதற்கேள்வியைக் கேட்டது. போட்டியுலகம் பெரும்பாலும் இரண்டாவதையே கேட்கிறது.

தமிழ் படித்த நமக்கு இந்த வேறுபாட்டை விளக்கியவர் கணினித் துறை நண்பர் ஒருவர். மணவாள நகரிலிருந்து திருவள்ளூர் ரயில் நிலையம் வரை மாலை நடையில் உடன் வருபவர். தரவுத்தளத்தோடு பேசுவதற்கென்றே எஸ்க்யூஎல் என்றொரு மொழி உண்டு. அதில் தரவரிசைக்கு மட்டும் மூன்று வினைகள் உள்ளன: ரேங்க், டென்ஸ் ரேங்க், ரோ நம்பர். நான்கு மாணவர் 95, 90, 90, 85 என மதிப்பெண் பெற்றுள்ளதாகக் கொள்வோம். ரேங்க் அவர்களுக்கு 1, 2, 2, 4 என்று இடம் தரும். டென்ஸ் ரேங்க் 1, 2, 2, 3 என்று தரும். ரோ நம்பர் 1, 2, 3, 4 என்று தரும். முதலாவது, முன்னால் நிற்கும் தலைகளை எண்ணுகிறது. இரண்டாவது, முன்னால் உள்ள மதிப்பெண்களை எண்ணுகிறது. மூன்றாவதற்குச் சமம் என்பதே தெரியாது. வரிசையில் வந்த வரிக்கெல்லாம் ஓர் எண்ணை ஒட்டிவிட்டுப் போகிறது. 2015இல் நம் அரசு செய்தது டென்ஸ் ரேங்க்.

விளையாட்டுலகில் ரேங்க்தான் வழக்கம். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 1 அன்று, உயரம் தாண்டுதலில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டனர். அப்போட்டியில் வெள்ளி எவருக்கும் இல்லை. அடுத்து வந்தவருக்கு வெண்கலமே கிடைத்தது. 1, 1, 3.

இவ்வளவும் கணக்கு வாத்தியாரின் கவலை என்று ஒதுக்கிவிட நமக்கும் மனம் இருந்தது, ஒரு பரிசுப் பட்டியலைப் பார்க்கும் வரை.

முன்பு நாம் பணியாற்றிய கல்லூரியொன்றில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஏற்படுத்திய அறக்கட்டளை இருந்தது. பொதுத்தமிழ்த் தாளில் முதல் மூன்று இடம் பெறுவோருக்கு ஆண்டுதோறும் பரிசுத்தொகையும் சான்றிதழும். அலுவலகக் கணினி தரும் பட்டியலைத் துறை அப்படியே ஏற்பது வழக்கம். ஓராண்டு 91, 88, 86 எனப் பெற்ற மூவரின் பெயர்கள் வந்தன. பட்டியல் ஒட்டப்பட்ட அன்று மாணவி ஒருத்தி துறை வாசலில் வந்து நின்றாள். தந்தை ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர். அவள் புகார் சொல்ல வந்தவளாகத் தெரியவில்லை.

"ஐயா, நானும் எண்பத்தாறுதான். என் பேரு ஏன் ஐயா வரலை?"

நண்பரிடம் போய்க் கேட்டோம். அவர் அந்த வினவலைத் திறந்து காட்டினார். மதிப்பெண்ணை இறங்குவரிசையில் அடுக்கு. மதிப்பெண் சமமானால் பதிவெண்படி அடுக்கு. மேலிருந்து மூன்று வரியை எடு. அவ்வளவுதான். அந்தக் கல்லூரி பயன்படுத்திய மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தில் ரேங்க் போன்ற வினைகளே 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் சேர்ந்தன என்றும், இந்த நிரல் அதற்கு முன்பே எழுதப்பட்டது என்றும் சொன்னார்.

"பதிவெண் எதற்கு, சார்?" என்று கேட்டோம்.

"பட்டியல் பார்க்க ஒழுங்கா இருக்கட்டும்னு யாரோ சேர்த்திருக்காங்க, சார்."

பதிவெண் எப்படி வருகிறது? முதலாண்டில் சேரும்போது ஆங்கில அகரவரிசைப்படி. 'ஏ'யில் தொடங்கும் பெயருக்கு முதலெண்; 'வி'யிலும் 'ஒய்'யிலும் தொடங்கும் பெயர்களுக்குக் கடைசி எண்கள். அந்தப் பெண்ணின் பெயர் 'வி'யில் தொடங்கியது. அவளுக்கு இணையாக 86 பெற்றவன் பெயர் 'பி'யில் தொடங்கியது. ஆக, மூன்றாம் பரிசைத் தீர்மானித்தது தமிழும் அன்று, உழைப்பும் அன்று, ஆங்கில நெடுங்கணக்கு. அதிலும் தமிழ்த்தாளுக்கான பரிசு! இதில் எவருடைய வஞ்சமும் இல்லை. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் எவர் கண்ணிலும் படவில்லை.

பழைய பட்டியல்களை எடுத்துப் பார்த்தோம். மேலும் இரண்டு ஆண்டுகளில் இவ்வாறே சமமதிப்பெண் பெற்ற ஒருவர் விடுபட்டிருந்தார். அவர்கள் வந்து கேட்கவில்லை. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிப் போயிருக்கலாம். நண்பர் வினவலைத் திருத்தி, ரேங்க் மூன்றுக்குள் உள்ளோர் அனைவரும் வருமாறு செய்தார். இருவர் முதலிடம் பெற்றால் இரண்டாமிடம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. டென்ஸ் ரேங்க் எனில் நால்வருக்குப் பரிசு; ரேங்க் எனில் மூவருக்கு. இதைக் கணினியிடம் கேட்க இயலாது. அறக்கட்டளைப் பத்திரத்தைப் படித்து, கூடி அமர்ந்து பேசி, ரேங்க் போதும் என்று முடிவாயிற்று. அவ்வாண்டு மூன்றாம் பரிசுத்தொகை இருவருக்கும் பாதி பாதியாகப் பிரிந்தது. பணம் பாதியானதில் அந்த மாணவிக்கு வருத்தமில்லை. சான்றிதழில் 'மூன்றாமிடம்' என்று முழுதாக எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டாள்.

ஒரு கல்லூரிப் பரிசில் இவ்வளவு என்றால் மாநிலம் தழுவிய பட்டியலில் எவ்வளவு இருக்கும்? பொறியியல் கலந்தாய்வை எடுத்துக்கொள்வோம். 2006 வரை நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே: கணிதம் 100க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50க்கு, ஆக 200. பாடத்துக்கு 100 மதிப்பெண் என்று ஆன பின் இந்தக் கட்-ஆஃப் அரை அரையாகத்தான் ஏற முடியும். 0 முதல் 200 வரை எண்ணினாலும் 401 படிகள்தாம். தரவரிசையில் இடம் பெறுவோரோ லட்சத்துக்கு மேல். எல்லாப் படியிலும் சமமாகப் பரவி நின்றாலும் ஒரு படிக்கு ஏறக்குறைய 250 பேர். ஆனால் ஓர் இருக்கையில் ஒருவர்தான் அமர முடியும். இங்கே சமத்தை அறிவித்துவிட்டுக் கைகட்டி நிற்க வழியில்லை. ரோ நம்பர் வேண்டியிருக்கிறது.

2018 வரை அண்ணா பல்கலைக்கழகமும் 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககமும் நடத்திவரும் இந்தக் கலந்தாய்வில், சமத்தை உடைக்கும் முறை முன்கூட்டியே எழுதி வைக்கப்படுகிறது. முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல், இப்படியே படிப்படியாக இறங்கிப் பிறந்த தேதிக்கு வரும்போது வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. அதுவும் சமமானால், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் வழங்கப்படும் சமவாய்ப்பு எண். எவருக்குப் பெரிய எண்ணோ அவர் முன்னால். நம் தெருப் பெற்றோர் பலர் இந்த எண்ணைக் கண்டு கசப்படைவதைப் பார்த்திருக்கிறோம்: "பிள்ளை ராப்பகலாப் படிச்சதுக்குக் கடைசியில குலுக்கலா?"

அந்தக் கசப்பு நமக்குப் புரிகிறது. ஆயினும் பதிவெண்ணோடு ஒப்பிட்டால் சமவாய்ப்பு எண் நேர்மையானது என்றே சொல்வோம். அது தகுதியைப் போல வேடம் போடுவதில்லை. தகுதியால் இனிப் பிரிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, அனைவர் கையிலும் ஒரே விதமான சீட்டைக் கொடுக்கிறது. அகரவரிசையோ ஒருவரை வாழ்நாள் முழுதும் கடைசி வரிசையில் உட்கார வைக்கிறது.

இரண்டாம் வரிசைப்படுத்தலைச் சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நண்பரிடம் கேட்டோம். சமமானவர்களில் யார் முன்னால் வருவார் என்பதற்குத் தரவுத்தளம் எந்த உறுதியும் தராது என்றார். அதே வினவல் இன்று ஒருவரையும் நாளை மற்றவரையும் முன்னிறுத்தலாம். 1970இல் எட்கர் காட் உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு அடித்தளம் இட்ட கட்டுரையில் வரிசைகளின் ஒழுங்குக்குப் பொருளில்லை என்றே வைத்தார். அட்டவணைக்குள் மேலும் இல்லை, கீழும் இல்லை. மேல்கீழ் என்பது கேட்பவர் வினவலோடு கொண்டுவருவது.

இதைக் கேட்டதும் நமக்கு நம் தொகைநூல்கள் நினைவுக்கு வந்தன. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம். ஐங்குறுநூறோ திணைக்கு நூறாக ஐந்து புலவர் பாடியது. எஸ்க்யூஎல்லில் பார்ட்டிஷன் பை என்றொரு தொடர் உண்டு. கூட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கும். பொறியியல் கலந்தாய்வில் ஒரே மாணவிக்குப் பொதுத் தரவரிசை எண் ஒன்றும் வகுப்புவாரித் தரவரிசை எண் ஒன்றும் கிடைப்பது இதனால்தான். ஐங்குறுநூற்றின் 101ஆம் பாடல் நெய்தலின் முதற்பாடலாக இருப்பதும் இதே கணக்குத்தான்.

ஆனால் ஒரு வேறுபாடு. அகநானூற்றின் முதற்பாட்டு நானூறாம் பாட்டைவிட உயர்ந்தது என்று எவரும் சொல்வதில்லை. அந்த எண் ஒரு முகவரி. தேடுவோர் வந்து சேர வேண்டும் என்பதற்காகக் கதவில் எழுதிய இலக்கம். ரோ நம்பரின் இயல்பான வேலையும் அதுவே. முகவரிக்கான எண்ணைப் பெருமைக்கான எண்ணாகப் படிக்கும்போதுதான் 'வி'யில் தொடங்கும் பெயருக்கு அநீதி நேர்கிறது.

2017 மே மாதம், பிளஸ் டூ முடிவுகளுக்கு முந்தைய நாள், இனி மாநில, மாவட்ட அளவில் இடங்கள் அறிவிக்கப்படமாட்டா என்று தமிழக அரசு முடிவு செய்தது. முதலிடப் படங்கள் நாளிதழ்களின் முதற்பக்கத்திலிருந்து மறைந்தன. அதை நாம் வரவேற்றோம். எனினும் வரிசை ஒழிந்துவிடவில்லை. சேர்க்கை, வேலை, உதவித்தொகை என்று எங்கேயோ ஒரு கணினியில் ஏதோவொரு வினவல் நம் பிள்ளைகளை அடுக்கிக்கொண்டேயிருக்கிறது. பட்டியலைக் கையில் வாங்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு: எதைக் கொண்டு அடுக்கினீர்கள்? சமமாக நின்றவர்களை என்ன செய்தீர்கள்? இவற்றைக் கேட்கக் கணினி படித்திருக்கத் தேவையில்லை. அந்த மாணவி படித்தது தமிழ்தான்.