பின்னிருசின் முனகல்

மாட்டு வண்டி ஓட்டிய நம் பாட்டன்மாரிடம் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. இருசு கிறீச்சிட்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அடியில் தொங்கும் மூங்கிற்குழாயிலிருந்து மசகு எடுத்துத் தடவி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, ஓசை அடங்கிய பின்னரே மாட்டைத் தட்டுவார்கள். முனகும் வண்டியை இழுக்கச் சொல்வது வாயில்லாப் பிராணிக்குச் செய்யும் துரோகம் என்பது அவர்கள் எண்ணம். மோட்டார் வந்தது, இழுப்பது மாடல்ல என்றானது, அந்த வழக்கமும் போயிற்று. இன்று வண்டியின் பின்புறம் முனகினால் நம்மவர் ரேடியோவை உரக்க வைக்கின்றனர். அல்லது முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிடுகின்றனர். அந்தப் பழம் இருசுக்குள் புகுந்து எண்ணெய் ஊற்றுமா என்று கேட்பார் எவருமிலர்.

நாம் இங்கே எழுதப் புகுந்தது நான்கு சக்கரங்களாலும் இழுக்கவல்ல பழைய வண்டிகளைப் பற்றி. தோட்டத்திற் பிறந்தவர்களுக்கு லேண்ட் ரோவர் என்ற பெயரை விளக்க வேண்டுவதில்லை. 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் அது முதன்முதலாக வெளிவந்தது. யுத்தம் முடிந்து எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலமாதலால் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டினால் செய்தார்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1960-ல் அது முடியும் வரை பட்டாளத்தாரும் போலீசாரும் இவ்வண்டிகளில் சுற்றினர். தோட்டங்களுக்கும் இது வந்து சேர்ந்தது. துரைக்குப் புது வண்டி வந்தபோது பழையது கிராணிக்குப் போயிற்று. கிராணிக்குப் பின் ஏலத்திற்குப் போயிற்று. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துச் செம்மண் பாதைகளில், மழைக்காலத்தில் மற்ற வண்டிகள் புதைந்து நிற்கையில், பிரசவ வலி கண்ட பெண்ணையும் பாம்பு தீண்டிய பால்மரத் தொழிலாளியையும் மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இத்தகைய வண்டிதான். பெரும்பாலான இடங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் வெறிச்சோடின, நம்மவர் பலர் நகரத்து அடுக்கு வீடுகளில் குடியேறிவிட்டனர். எனினும் சில வாசல்களில் அந்த வண்டி இன்னும் நிற்கிறது. நம் வாசலிலும் ஒன்று நிற்கிறது.

அதன் பின்புறத்திலிருந்து சென்ற ஆண்டு ஓர் ஓசை புறப்பட்டது. மணிக்கு 30 மைல் தாண்டியதும் தொடங்கும். 40-ல் பேச்சை விழுங்கிவிடும். நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டினோம். அதன் பெயர் வேண்டாம். வண்டியை ஓட்டிப் பாராமலேயே, “டிபரன்ஷல் போய்விட்டது, ஆக்சிலை முழுதாக மாற்றவேண்டும்” என்றனர். அவர்கள் கேட்ட தொகை நமது மூன்று மாதச் சம்பளம். நாடி பிடித்துப் பாராமல் வயிற்றைக் கிழிக்கச் சொல்லும் வைத்தியனை ஊரார் என்ன செய்வார்கள்? மோட்டார் வைத்தியனிடம் மட்டும் நாம் கைகட்டிப் பணம் எண்ணுகிறோம். அதற்குக் காரணம், உள்ளே இருப்பது இன்னதென்று நமக்குத் தெரியாததுதான்.

உள்ளே இருப்பது பெரிய மர்மமன்று. பட்டறைக்காரர் ஆக்சில் என்பதும் வண்டிக்காரர் இருசு என்பதும் ஒன்றே. இஞ்சினிலிருந்து ஒரு நீண்ட தண்டு பின்னோக்கி வருகிறது. அதன் முனையில் பினியன் என்ற சிறு பற்சக்கரம். அது கிரவுன் என்ற பெரும் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் உட்சக்கரத்தினும் அதிக தூரம் ஓடவேண்டுமன்றோ? அதற்கு இடங்கொடுக்கக் கிரவுனின் நடுவே நான்கைந்து சிறு பற்சக்கரங்கள் பிணைந்து நிற்கின்றன. இந்தப் பிணைப்பே டிபரன்ஷல். கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-ல் மூன்று சக்கரச் சைக்கிளுக்கென இதைப் பதிவு செய்தார். அங்கிருந்து இரு பக்கமும் இரண்டு அரைத்தண்டுகள் புறப்பட்டுச் சக்கரங்களை அடைகின்றன. பழைய லேண்ட் ரோவரில் சக்கரம் ஒருமுறை சுற்ற நீண்ட தண்டு 4.7 முறை சுற்றவேண்டும். 40 மைல் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 7 அல்லது 8 சுற்றுச் சுற்றினால், பினியன் 35 சுற்றுகளை ஒட்டிச் சுற்றும். ஆகவே பினியனின் குரல் மெல்லிய ஊளை. சக்கரத்தின் குரல் தடித்த உறுமல். இவ்வளவு தெரிந்தாலே பாதி வழக்குத் தீர்ந்தது.

மீதிப் பாதியை நமக்குக் கற்பித்தவர் ஜாசினுக்கு அப்பால் வாழும் ஒரு பெரியவர். சிறு வயதில் தோட்டத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். எழுபது வயதைக் கடந்தவர். “ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம், தம்பி. முதலில் அது என்ன சொல்கிறதென்று கேட்போம்” என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். வண்டி அசகான் பாதையில் ஓடியது.

அவர் முதலில் விசாரித்தது டயரை. மண்ணைக் கடிக்கும் முரட்டு டயர் தாரில் ஓடும்போது இரைவது இயல்பு. செம்மண்ணில் இறங்கியதும் அந்த இரைச்சல் மாறும். காற்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறும். நம் வண்டியில் காற்றைக் கூட்டிப் பார்த்தார்; ஓசை மாறவில்லை. தோட்டப் பாதையில் இறக்கிப் பார்த்தார். அப்போதும் அது அடங்கவில்லை. டயர் விடுதலை பெற்றது.

அடுத்து மிதியை அழுத்தினார். பிறகு காலை எடுத்தார். இதைப் பலமுறை செய்தார். காரணம் கேட்டபோது தம் இரு கைகளின் விரல்களையும் கோத்துக் காட்டினார். பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. இஞ்சின் வண்டியை இழுக்கும்போது ஒரு முகத்திற் பளு விழுகிறது. காலை எடுத்துவிட்டால் வண்டி இஞ்சினைத் தள்ளுகிறது, அப்போது மறு முகத்திற் பளு விழுகிறது. அழுத்தும்போது மட்டும் ஊளையிட்டால் கிரவுனும் பினியனும் பொருந்தும் இடம் பிசகியிருக்கலாம், எண்ணெய் வற்றியிருக்கலாம். காலை எடுத்தபோது மட்டும் ஊளையிட்டால் பினியனைத் தாங்கும் பேரிங் தளர்ந்து, பினியன் முன்னும் பின்னும் நகர்கிறதென்று சந்தேகிக்க வேண்டும். நம் வண்டியோ இரண்டிலும் ஒரே குரலில் உறுமியது. சமதரையில் கியரை நடுநிலைக்குத் தள்ளி இஞ்சினை உறங்கவிட்ட போதும் உறுமல் ஓயவில்லை. ஆகவே பற்கள் மீது குற்றமில்லை. எந்த டிபரன்ஷல் ‘போய்விட்டது’ என்று மூன்று மாதச் சம்பளம் கேட்கப்பட்டதோ, அது பத்து நிமிஷத்தில் நிரபராதி ஆயிற்று!

பின்பு ஆளில்லாத நேரான பாதையில் வண்டியை மெல்ல இடமும் வலமும் அசைத்து ஓட்டினார். இடப்புறம் திருப்புகையில் உடலின் பாரம் வலச் சக்கரங்களில் சாயும். அப்போதெல்லாம் உறுமல் பெருகியது. வலப்புறம் திருப்பினால் தணிந்தது. “வலது பின் சக்கரம்” என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

இதிலும் ஐயம் தீராதவர்களுக்கு, இரு சக்கர இழுவை வண்டியில் செய்யமுடியாத ஒரு சோதனையை அவர் சொன்னார். பின் தண்டைக் கழற்றி வைத்துவிட்டு, முன் சக்கரங்களை இணைத்து, அவற்றால் மட்டும் வண்டியை ஓட்டவேண்டும். இப்போது பின்னிருசில் இழுக்கும் பளு இல்லை. ஊளை மறைந்தால் குற்றம் கிரவுனிலும் பினியனிலும். உறுமல் மறையாவிட்டால் சக்கரப் பேரிங்கில். ஊளை சற்றும் மாறாமல் நின்றால் அது பின்னாலிருந்தே வரவில்லை, கியர்ப் பெட்டியிலிருந்து வருகிறது. அலுமினியத் தகட்டு உடல் தகர டப்பாவைப் போல் ஓசையை எங்கும் பரப்புவதால், காதுக்குப் பின்னால் கேட்பதெல்லாம் பின்னால் பிறந்ததாகாது. நமக்கு இச்சோதனை தேவைப்படவில்லை.

இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. பழைய லேண்ட் ரோவரின் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை; கியர்ப் பெட்டியின் பின்னால் நீண்ட தண்டைப் பிடிக்கிறது. அரைத்தண்டு ஒன்று முறிந்தாலும், பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியால் தூக்கினாலும், டிபரன்ஷல் தன் சுபாவப்படி இடங்கொடுத்துவிடும். கைப்பிரேக் இழுத்தபடி இருக்க, வண்டி சரிவில் உருளும். அடியிற் படுத்திருப்பவன் கதி என்ன? ஆதலால் பெரியவர் சமதரை தேடி நிறுத்தினார்; முன் சக்கரங்களையும் இணைத்தார்; தரையில் நின்ற சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்தார். அதன் பிறகே ஜாக்கியைத் தொட்டார். மற்றொன்றும் சொல்லவேண்டும். இவ்வகை இருசில் வண்டியின் பாரத்தை அரைத்தண்டு சுமப்பதில்லை. ஆகவே அது முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடிவிடாது. நடுவழியில் ‘படார்’ என்ற சத்தத்தோடு இழுவை நின்றுபோனால், முன் சக்கரங்களை இணைத்து மெதுவாக வீடு வந்து சேரலாம். ஆனால் அந்த நிலையில் கைப்பிரேக்கை நம்பி மேட்டில் நிறுத்தலாகாது.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், சிறிது ஆடியது. கையாற் சுழற்றிவிட்டு, மறுகை விரல்களை வில்தகட்டின் மேல் வைத்தார். நம்மையும் வைக்கச் சொன்னார். மணலை அரைப்பது போன்ற ஓர் அதிர்வு விரலில் ஏறியது. இடச் சக்கரத்தில் அது இல்லை. பிரித்தபோது பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்பு போல் குழிகள். தேய்ந்த சீலின் வழியே செம்மண் நீர் உட்புகுந்திருந்தது.

இருசின் எண்ணெயையும் பார்த்தார். ஓட்டத்தில் சூடேறிய இருசு ஓடையில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. சுருங்கும் காற்று சந்து கிடைத்த இடத்தில் தண்ணீரை உறிஞ்சுகிறது. அப்படி நீர் கலந்தால் எண்ணெய் பால் ஊற்றிய தேநீர் போலாகும். நம்முடையது கறுப்பாக இருந்ததே தவிர வெளுக்கவில்லை. எஃகுச் சில்லுகளும் இல்லை. 90-ஆம் நம்பர் எண்ணெய் ஏறக்குறைய 1¾ லிட்டர் பிடித்தது. இரண்டு பேரிங், ஒரு சீல், எண்ணெய், பெரியவரின் கூலி: எல்லாம் சேர்ந்து பட்டறை கேட்டதில் இருபதில் ஒரு பங்கும் ஆகவில்லை. கூலியையும் அவர் வற்புறுத்திய பிறகே வாங்கினார்.

இந்த மனிதரைத் தோட்டத்தில் யாரும் படித்தவர் என்று சொன்னதில்லை. வண்டியின் கைப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. அது துரையின் பங்களா அலமாரியில் இருந்தது. கையில் எண்ணெய் படிந்தவன் கீழானவன், பேனா பிடித்தவன் மேலானவன் என்று ஏற்றத்தாழ்வு கற்பித்த சமூகம், இத்தகையோரின் அறிவைத் தமிழில் எழுதி வைக்கவும் இல்லை. அவரிடம் கற்றுக்கொள்ள இப்போது யார் வருகிறார்கள் என்று கேட்டோம். தம் பேரன் சிங்கப்பூரில் ஏதோ கம்பெனியில் கணினி வேலை பார்ப்பதாகச் சொன்னார். அதில் அவருக்குப் பெருமைதான். வருத்தமும் உண்டோ என்று முகத்தைப் பார்த்தோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உறுமல் நின்ற பிறகு, அதற்குள் மறைந்திருந்த வேறோர் ஓசை வெளிப்பட்டது. புறப்படும்போது ‘டக்’ என்று ஒரே ஒரு தட்டல். பெரியவர் நீண்ட தண்டைக் கையாற் பிடித்து இருபுறமும் திருகிப் பார்த்தார். அதன் இணைப்புகளில் ஆட்டமில்லை. பற்களுக்கிடையிலும் அரைத்தண்டின் முனைகளிலும் பல வருஷத் தேய்மானம் சிறிது சிறிதாகச் சேர்ந்திருந்தது. “இது இப்படியே இருக்கட்டும், தம்பி. கூடினால் மட்டும் கொண்டு வாருங்கள்” என்றார். தட்டல் இன்னும் இருக்கிறது, கூடவில்லை. மாதம் ஒருமுறை எண்ணெய்த் துவாரத்தின் மூடியைத் திருகிச் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறோம். எண்ணெய் விளிம்பளவில் நிற்கிறது, நிறமும் மாறவில்லை.