முத்து வராத வருஷத்துல என்ன பண்ணுவாங்க?

ரிஷிகேஷில் கங்கையில் ராஃப்ட் ஓட்டும் கைடுகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் ரெண்டு மாசம் கட்டாய லீவு. மழைக்காலத்தில் ஆறு பொங்கிக்கொண்டு வரும், யாரையும் இறக்க மாட்டார்கள். சீசன் தொழில் என்றாலே இந்தக் கேள்வி உண்டு: சீசன் இல்லாதபோது சோற்றுக்கு என்ன வழி? சரி, ரெண்டு மாசம் எப்படியோ ஓட்டிவிடலாம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆஃப் சீசன் வந்தால்? சிரிக்காதீங்க, தூத்துக்குடியில் அது நடந்திருக்கிறது.

ஊருக்குப் பேரே முத்து நகர். சென்னைக்குப் போகிற ரயிலும் முத்துநகர் எக்ஸ்பிரஸ். ரயில் தினமும் ராத்திரி கிளம்பிவிடுகிறது. ஆனால் தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். 1955ல் தொடங்கி வரிசையாகச் சில வருஷம் நடந்தது, அதோடு சரி. அதற்கு முன்னால் மட்டும் வருஷா வருஷம் நடந்ததா என்றால் அதுவும் இல்லை. 1860களின் தொடக்கத்தில் நடந்த குளிப்புக்குப் பிறகு அடுத்த நல்ல குளிப்பு 1889ல்தான். அப்பா குளித்ததைக் கேட்டு வளர்ந்த பையன், தன் முதல் முத்துச்சிப்பியைக் கையில் எடுக்கும்போது நடுத்தர வயசை நெருங்கியிருப்பான்!

காரணம் சிப்பிதான். மன்னார் வளைகுடாவில் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தோளாயிரம் பார் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. சிப்பிக்குஞ்சுகள் வந்து பாரில் ஒட்டும், வளரும். அப்புறம் ஒரு வருஷம் போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இருக்காது. மீன் தின்றிருக்கலாம், மணல் மூடியிருக்கலாம், நீரோட்டம் அடித்துப் போயிருக்கலாம். அதனால் அரசாங்கம் ஆட்களை இறக்கிப் பார்களைச் சோதிக்கும். மாதிரிக்கு எடுத்த சிப்பியில் முத்து தேறுமா என்று பார்த்த பிறகுதான் குளிப்பை அறிவிக்கும். அறிவித்தாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில் கடல் அமைதியாக இருக்கிற சில வாரங்கள்தான். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மிச்சம் அரசுக்கு. வாழ்க்கையில் மொத்தமே நாலைந்து தடவை வரும் போனஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போனஸை நம்பி எவனாவது குடும்பம் நடத்துவானா? இவர்களை நடத்திக் காப்பாற்றியது சங்கு.

முத்துச்சிப்பிக்குப் பார் வேண்டும், சங்குக்கு மணல் வேண்டும். அதிலும் 'பூச்சி மணல்' வேண்டும். புழுக்கள் நிறைந்த மணல். அந்தப் புழுதான் சங்கின் சாப்பாடு. சங்கு நகர்ந்தால் மணலில் கோடு மாதிரி தடம் விழும். தண்ணீருக்கு அடியில் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சங்கை எடுக்க வேண்டும். அதுவும் ஒரு நிமிஷம் சொச்சத்தில், அடக்கின மூச்சில்! ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர் மதராஸ் மாகாணத்தில் முத்து, சங்கு குளிப்புக்கு அதிகாரியாக இருந்தவர். சங்கைப் பற்றி மட்டுமே 1914ல் தனிப் புத்தகம் போட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய வியாபாரம் அது.

வாங்கினது யார் தெரியுமா? வங்காளிகள். அங்கே கல்யாணமான இந்துப் பெண்கள் சங்கு வளையல் போட வேண்டும், நம்ம ஊர் தாலி மாதிரி. டாக்காவில் சங்கு அறுக்கிறவர்களுக்கென்றே ஷாங்காரி பஜார் என்று ஒரு தெரு இருக்கிறது. குழந்தைக்குப் பால் புகட்டவும், செத்தால் ஊதவும் நாம் சங்கைத் தேடுகிறோம். ஆனால் தூத்துக்குடிக்காரன் அடுப்பு எரிந்தது வங்காளத்துக் கல்யாணங்களால்!

முத்து எப்போதும் ஏலத்தில் போகும், சூதாட்டம் மாதிரி. சங்கு அப்படி இல்லை. அரசாங்க ஏகபோகமாக இருந்த காலத்தில் ஒரு சங்குக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தார்கள். அளவுப் பலகையின் ஓட்டைக்குள் நுழைந்துவிட்டால் அது சின்னச் சங்கு. சுமார் இரண்டேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் உயிரோடு கடலிலேயே விட்டுவிட வேண்டும். சஸ்டெய்னபிள் என்று இப்போது பாடப் புத்தகத்தில் படிக்கிறோமே, அதை அவர்கள் ஒரு ஓட்டைப் பலகையில் முடித்துவிட்டார்கள்.

இதிலும் ஒரு ஆஃப் சீசன் உண்டு. தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் தூத்துக்குடிக் கடல் கலங்கிவிடும். அடியில் கையே தெரியாது, தடம் எங்கே தெரியப்போகிறது? ஆனால் அதே காற்றுக் காலத்தில் பாம்பனுக்கு வடக்கே பாக் ஜலசந்திப் பக்கம் கடல் அடங்கிக் கிடக்கும். ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம்.

எல்லாமே அழகான கதை இல்லை. சங்கும் கிடைக்காதபோது கடல் அட்டை எடுத்தார்கள். 2001ல் அது தடை செய்யப்பட்டது. சிலர் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறையை உடைத்துச் சுண்ணாம்புக்கு விற்றார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி ரெண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில். பாறையை உடைத்தது அதற்கு முக்கியமான காரணம். பசிக்குச் செய்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் பவளம் போனால் மீனும் போகும், அடுத்த பசிக்கு யார் பதில் சொல்வது?

ஒரு பழைய விஷயம். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்கிறவர்கள் இருந்தார்கள், கடல்கட்டி என்று பெயர். எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பி.காம் பாஷையில் சொன்னால் 5 சதவீத இன்சூரன்ஸ் பிரீமியம் :-) ஆனால் நிஜமான இன்சூரன்ஸ் தோணியில் கயிறு பிடிக்கிறவர்தான். அந்த இடத்தில் பெண்டாட்டியின் தம்பியையோ அண்ணனையோதான் நிறுத்துவார்கள் என்று கடற்கரையில் சொல்வார்கள். அக்கா தங்கச்சி தாலிக்காகவாவது மச்சான் கயிற்றை விட மாட்டான் என்ற கணக்கு.

1973ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் மணியை வைத்து முத்தை வளர்த்துக் காட்டிவிட்டார்கள். அதற்கு மூச்சடக்கவும் வேண்டாம், மச்சானும் வேண்டாம். கடலுக்கு அடியில் தானாக விளைகிற முத்துக்கோ இன்னும் சீசன் வரவில்லை. 60 வருஷம் தாண்டிவிட்டது.

சங்கு குளிக்கிறவர்கள் மட்டும் திரேஸ்புரத்திலிருந்து இப்போதும் வள்ளத்தில் போகிறார்கள். கல் இல்லை, கயிறு இல்லை. வள்ளத்தில் ஒரு கம்ப்ரெஸர், அதிலிருந்து ட்யூப், ட்யூபின் முனை வாயில். ஒரு நிமிஷக் கணக்கெல்லாம் போச்சு, நேரம் போவது தெரியாமல் அடியிலேயே இருக்கலாம். அங்கேதான் ஆபத்தும். ஆழத்தில் ரொம்ப நேரம் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ் கட்டும். மூட்டு வலியில் தொடங்கிக் கை கால் விழுந்துபோகிற வரைக்கும் போகும். ட்யூபில் என்ஜின் புகை கலந்தாலோ அவ்வளவுதான்.

அதனால் மேலே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, என்ஜின் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே.