மருந்துக் கடையில் ஒரு கைநாட்டு

நான் டி.பார்ம் படித்தபோது மருந்துச் சட்டத்துக்கென்று தனிப் பாடம் இருந்தது. ஷெட்யூல் எச் மருந்தைச் சீட்டில்லாமல் கொடுக்காதே, பதிவேட்டை ஒழுங்காக எழுது என்றெல்லாம் உருப்போட்டோம். கடைக்கு வருகிற மனிதரை ஆராய்ச்சியில் சேர்ப்பதானால் அவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று மட்டும் ஒரு வரி கிடையாது.

கூடலூரில் என் கடையை இப்போது நடத்தும் தம்பி சென்ற மாதம் போன் செய்தார். பார்மஸி மாணவர்கள் சிலர் ஐம்பது படிவங்களைக் கொடுத்து, சர்க்கரை மாத்திரை வாங்குபவர்களிடம் நிரப்பி வாங்கச் சொன்னார்களாம். “சும்மா ஒரு சர்வேதானே அண்ணா?”

சும்மா இல்லை. எங்கள் ஸ்ரீமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பணியப் பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூலி சனிக்கிழமைதான், கடையில் பாக்கி வேறு. மாத்திரை இன்னும் நம் கையில். அந்த நேரத்தில் படிவத்தை நீட்டினால் அவள் மாட்டேன் என்பாளா? கைநாட்டு வைப்பாள். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்பவன் அல்ல நான். சிக்கிள் செல் என்ற ரத்தக் குறைபாடு இந்தியாவில் முதன்முதலில் அறியப்பட்டது 1952-இல், இதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ஆனால் கம்மம் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2009-இல் அங்கே பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு நடந்தது. விடுதி மாணவிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டார்கள். பெரிய சர்ச்சையாகி, 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள்.

ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். ஊர்த் தலைவர் சரி என்றாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வில் சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி அருகில் வேண்டும்.

தம்பிக்கு நான் சொன்னது: குழுவின் கடிதத்தை முதலில் கேள். மாத்திரையைக் கொடுத்து, சில்லறையையும் கொடுத்து முடித்த பிறகே படிவத்தைப் பற்றிப் பேசு. வேண்டாம் என்றாலும் அடுத்த மாதம் மருந்தும் கடனும் உண்டு என்று அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்.

“சாட்சிக்கு நம்ம கடைப் பையன் போதுமா அண்ணா?” என்றார்.

போதாது. அவனுக்குச் சம்பளம் கொடுப்பது நீ.